அலாய் வீலில் பழுப்புப் புள்ளி போகவே மாட்டேன் என்கிறது, தேய்த்ததில் ஒரு இடம் மங்கியும் விட்டது

மழைச்சாலை:

வணக்கம் நண்பர்களே. அப்பா பதினோரு வருடம் ஓட்டிய கார் போன மாதம் என் கைக்கு வந்தது. எஞ்சின், சீட், பெயிண்ட் எல்லாவற்றையும் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறார். சக்கரங்களை மட்டும் கடைசி மூன்று நான்கு வருடமாக அவரால் குனிந்து துடைக்க முடியவில்லை, முதுகு வலி. வெள்ளி நிற அலாய் வீல், ஐந்து ஸ்போக். உள்வளையம் முழுக்கக் கருத்துப்போய்க் கிடக்கிறது. முகப்பில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள், முன்சக்கரங்களில் ரொம்ப அதிகம், பின்சக்கரங்களில் குறைவு.

ஷாம்பு போட்டு மூன்று தடவை கழுவினேன். மேல் அழுக்கு போனது, புள்ளி அசையவில்லை. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. பொறுமை போய், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து இடது பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்கை அழுத்தித் தேய்த்துவிட்டேன். புள்ளிகள் பாதி போயின, ஆனால் தண்ணீர் காய்ந்ததும் அந்த ஸ்போக் மட்டும் வெளுத்துப்போய் மங்கலாக நிற்கிறது. ஈரமாக இருக்கும்போது பளபளப்பு தெரிகிறது, காய்ந்தால் போய்விடுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

இந்தப் புள்ளிகள் என்ன, எப்படி எடுப்பது? மங்கிய ஸ்போக்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஆசிட் கலந்த வீல் கிளீனர் போட்டால் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகிவிடும் என்று ஒருவர் சொன்னார், போடலாமா? அடுத்த மாதம் அப்பா வருகிறார், அதற்குள் நான்கு சக்கரத்தையும் சரி செய்துவிட ஆசை.

கருவிப்பெட்டி:

முதலில் நாரைக் கீழே வையுங்கள், ஆசிட்டைக் கையாலும் தொடாதீர்கள். மற்றதெல்லாம் சரி செய்யக்கூடியதுதான்.

அந்தப் புள்ளிகள் சாதாரண அழுக்கு இல்லை, இரும்பு. பிரேக் பிடிக்கும்போது பேட் என்ற உராய்வுக் கட்டை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை உரசுகிறது இல்லையா, டிஸ்க் வார்ப்பிரும்பு. அதிலிருந்தும் பேடிலிருந்தும் நுண்ணிய துகள்கள் சூடாகப் பறந்து வந்து சக்கரத்தின் மேல் பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் பட்டுத் துருப்பிடித்து, அந்தத் துரு பூச்சைக் கவ்விக்கொள்ளும். பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாய்வதால் முன்பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது, உங்கள் முன்சக்கரங்களில் புள்ளி அதிகம் இருப்பது அதனால்தான். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் தூக்கும், துருவோடு அதற்குப் பேச்சே இல்லை. எத்தனை தடவை ஷாம்பு போட்டாலும் இதே கதைதான்.

இதற்கென்றே அயர்ன் ரிமூவர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அதன் முக்கியப் பொருள் தயோகிளைக்கோலேட் உப்பு, முடி நீக்கும் கிரீம்களில் இருக்கும் அதே குடும்பம், நாற்றமும் அதே அழுகின முட்டை நாற்றம்தான். நிழலில், சக்கரம் கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது, காய்ந்த சக்கரத்தில் தெளியுங்கள். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் கசிந்து இறங்கும், முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சக்கரம் ரத்தம் சிந்துகிற மாதிரி இருக்கும். இரும்போடு சேர்ந்தால் வரும் நிறம் அது, பயப்பட வேண்டாம். மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, மிருதுவான பிரஷ்ஷால் சும்மா அசைத்துவிட்டு நிறையத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். காய விட்டுவிடக் கூடாது, காய்ந்தால் கறை நிற்கும். பல வருட அழுக்கு என்பதால் ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை போடுங்கள். ஊதா வருவது குறையக் குறைய இரும்பு தீர்ந்துகொண்டு வருகிறது என்று அர்த்தம். கையுறை கட்டாயம், காற்றோட்டமான இடம் கட்டாயம்.

அதற்கு அப்புறமும் கருப்பாகப் பொட்டுப்பொட்டாக ஏதாவது நின்றால் அது தார். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து அதன் மேல் அரை நிமிடம் வைத்து எடுத்தால் இளகி வரும், நகத்தால் சுரண்ட வேண்டாம். எல்லாம் முடிந்து இன்னும் சொரசொரப்பு இருந்தால் களிமண் கட்டி, அதாவது கிளே பார், ஷாம்புத் தண்ணீர் வழுக்கலில் தேய்க்கலாம். சக்கரத்துக்குப் பயன்படுத்திய கிளேயை மறுபடி பாடியில் வைக்காதீர்கள். வாளி, துணி, பிரஷ் எல்லாமே சக்கரத்துக்குத் தனி. அந்த இரும்புத் துகள் ஒன்று துணியில் ஒட்டியிருந்தாலும் கதவில் கோடு போட்டுவிடும்.

மங்கிய ஸ்போக் விஷயத்துக்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் வீல் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு உள்ளதா, வெறும் அலுமினியமா? வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் எடுத்து, சக்கரத்தின் பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் தேயுங்கள். துணி கருப்பானால் வெறும் உலோகம். கருப்பாகவில்லை என்றால் மேலே பூச்சு இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் யார் எந்த வைத்தியம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நெடும்பயணி:

ஆசிட் பற்றிக் கேட்டதால் இதை எழுதியே ஆக வேண்டும். நான் முன்பு வைத்திருந்த காரை ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டிருந்தேன். சக்கரம் அழுக்காக இருக்கிறதே என்று அவர்களாகவே ஏதோ ஒரு கிளீனரைத் தெளித்தார்கள். நான் பார்க்கும்போது நல்ல பளிச்சென்று இருந்தது, சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரத்தில் நட்டுகளைச் சுற்றிப் பூச்சு கொப்பளிக்க ஆரம்பித்தது, வீல் நட்டுகளின் குரோம் வெண்மை படர்ந்து போனது. நான்கு வீலையும் பூச்சு உரித்து மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டிவந்தது.

இந்த ரகக் கிளீனர்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். கண்ணாடியையே அரிக்கிற சரக்கு அது. சக்கரத்தை விடுங்கள், உடம்புக்கு ஆபத்து. நீர்த்த நிலையில் தோலில் பட்டால் அப்போதைக்கு வலியே தெரியாமல் போகலாம், உள்ளே இறங்கிக் கால்சியத்தோடு சேர்ந்து, சில மணி நேரம் கழித்துத்தான் எலும்பு வரை வலிக்கும். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டப்பாவில் ஃபுளோரைடு என்ற வார்த்தை கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கம் காரமும் அதே அளவு மோசம். அடுப்பு மேடை, ஓவன் சுத்தம் செய்யும் ஸ்ப்ரேக்களில் காஸ்டிக் சோடா இருக்கும், அது பட்டால் வெறும் அலுமினியம் கருத்துவிடும். அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேலே தானாகவே உண்டாகும் ஆக்சைடு படலம்தான், அந்தப் படலம் அமில கார அளவான பி.எச். 4 முதல் 8.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். நடுநிலையான கிளீனர் வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மழைச்சாலை:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் நன்றி. சோதனை செய்து பார்த்தேன், துணி கருப்பாகவில்லை. அப்படியென்றால் கிளியர் கோட்தானே?

அயர்ன் ரிமூவரை முன் வலது சக்கரத்தில் முதலில் போட்டேன். ஊதா நிறம் ஸ்போக் இடுக்கிலிருந்து வழிந்து தரையில் ஓடியது, வாசலில் நின்றுகொண்டிருந்த பெண் குழந்தை பயந்து உள்ளே ஓடிவிட்டாள். இரண்டு தடவை போட்டதில் முகப்பில் முக்கால்வாசிப் புள்ளி போய்விட்டது. இப்போது கை வைத்தால் வழுவழுவென்று இருக்கிறது, நம்பவே முடியவில்லை. உள்வளையத்துக்குத்தான் கை எட்டவில்லை.

இன்னொன்று கவனித்தேன். முன் இடது சக்கரம் மட்டும் மற்றதைவிட ரொம்பக் கருப்பு. வலது பக்கம் இரண்டு தடவையில் போனது, இடது பக்கம் நான்கு தடவை போட்டும் ஊதா வந்துகொண்டே இருக்கிறது. ஏன் இப்படி?

கருவிப்பெட்டி:

அந்த இடது சக்கரத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள், அழுக்கை விட அதுதான் முக்கியம். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு கருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் கருத்தால் அந்தப் பக்கக் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி, சரியாக விடுபடாமல் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கலாம். பெரும்பாலும் காலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும், இல்லை பிஸ்டன் ஒட்டியிருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேடை இரண்டு பக்கமும் கழற்றித் தடிமன் பார்க்கச் சொல்லுங்கள், வெளிப் பேடும் உள் பேடும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு. ஒரு சக்கரம் மட்டும் எப்போதும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்து, அதன் டிஸ்க்கில் துரு படிந்திருந்தால் அந்தப் பக்கம் பிரேக் வேலையே செய்யவில்லை என்று பொருள். அதேபோல் உள்வளையத்தில் பிசுபிசுவென்று கருப்பாக எண்ணெய்ப் பசை தெரிந்தால் அது தூசி இல்லை, ஆக்ஸிலின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும், இல்லை பிரேக் ஆயில் கசிகிறது. பிரேக் ஆயில் பெயிண்டையே கரைக்கும். சக்கரத்தை உட்கார்ந்து கழுவுகிறவனுக்குத்தான் இதெல்லாம் முதலில் தெரியும், எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மங்கிய ஸ்போக் பற்றி. கிளியர் கோட் என்பது நல்ல செய்தி. பச்சை நாரில் இருப்பது அரைக்கும் தூள், அது கிளியர் கோட் மேல் ஆயிரக்கணக்கில் மெல்லிய கீறல் போட்டுவிட்டது. வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது. ஈரத்தில் பளபளப்பது நல்ல அறிகுறி, தண்ணீர் கீறலை நிரப்பியதும் வெளிச்சம் சரியாகத் திரும்புகிறது, அதனால் கீறல் மேலோட்டமாகத்தான் இருக்கும், அடியில் உள்ள வெள்ளி நிறம் கெடவில்லை. பெயிண்டுக்குப் போடும் கட்டிங் காம்பவுண்டை, அதாவது கீறலை மெல்ல அரைத்துச் சமப்படுத்தும் பசையை, சின்ன ஃபோம் பேடில் எடுத்து, ஸ்போக்கின் நீளவாக்கில் கையாலேயே தேயுங்கள். ஒரு கை அகல இடம் முடிந்ததும் துடைத்துப் பார்த்துவிட்டு அடுத்த இடம். அப்புறம் நைஸ் பாலிஷ். இதற்கும் அசையாத கீறல் இருந்தால் மட்டும் 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து லேசாக ஓட்டி, மறுபடி காம்பவுண்ட். ஓரங்களில் அழுத்தவே அழுத்தாதீர்கள். அந்தப் பூச்சு கிட்டத்தட்ட ஒரு தலைமுடித் தடிமன்தான், ஓரத்தில் இன்னும் மெல்லிசு, தாண்டிவிட்டால் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. மெட்டல் பாலிஷை இதில் போடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.

லேத்துக்காரன்:

உள்ளே வரலாமா. பதினெட்டு வருடமாக வீல் ரிப்பேர்தான் தொழில். கருவிப்பெட்டி சொன்னது எல்லாம் சரி, உள்வளையத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

பல வருட அழுக்கு என்றால் வீலைக் கழற்றித்தான் செய்ய வேண்டும், பிரஷ்ஷை இடுக்கில் விட்டு ஆட்டுவதில் பாதி அழுக்கு அங்கேயேதான் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, நட்டுகளை வீல் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்தி, அப்புறம் ஜாக்கி. எதிர்ச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. கழற்றியதும் முகப்பு கீறாதபடி பழைய போர்வை மேல் கவிழ்த்து வைத்து உள்வளையத்தைக் கழுவுங்கள்.

அங்கே சின்னச் சின்னக் கட்டிகளாக வரிசையாக ஒட்டியிருப்பது பேலன்ஸ் எடை, பெரும்பாலும் ஒரு கட்டி 5 கிராமோ 10 கிராமோ. அழுக்கு என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கிய வண்டிகள் மாதம் இரண்டாவது என்னிடம் வருகின்றன, வேகம் எடுத்தால் ஸ்டியரிங் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு. கிளீனர் அதன் பசையில் ஊறாமல் அந்த இடத்தைச் சீக்கிரம் கழுவிவிடுங்கள், தப்பித்தவறி விழுந்தால் பேலன்ஸ் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

மாட்டும்போது ஹப் முகத்தில், அதாவது வீல் போய் உட்காரும் இடத்தில், துரு உதிரியாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிடுங்கள், துருச் செதில் நடுவில் மாட்டினால் வீல் சரியாக உட்காராது. போல்ட் மரையில் எண்ணெய், கிரீஸ் பூச வேண்டாம், அளவுக்கு மேல் இறுகிவிடும். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். எவ்வளவு டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு விசை, என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், அதை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்குவதுதான் முறை, காலால் மிதித்து இல்லை. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

இன்னும் ஒன்று, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக. சில வீல்களில் முகப்பு மட்டும் கண்ணாடி மாதிரி வெட்டிவிட்டு மேலே கிளியர் அடித்திருப்பார்கள், டயமண்ட் கட் என்பார்கள். அதில் ஒரு சின்னச் சிராய்ப்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் பூச்சுக்கு அடியிலேயே வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடு கோடாகப் பரவும். அதை எந்தக் கிளீனரும் எடுக்காது, ஏனென்றால் அது பூச்சுக்குக் கீழே நடக்கும் அரிப்பு. தேய்த்துத் தேய்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். பூச்சை முழுக்க உரித்து, லேத்தில் முகப்பைத் திரும்ப வெட்டி, புதிதாகக் கிளியர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் உலோகம் குறையும் என்பதால் அதையும் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. வளைந்தோ வெடித்தோ இருக்கும் வீலை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் வண்டியில் மாட்டக் கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நெடும்பயணி:

எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டுவிடுங்கள் மழைச்சாலை, இல்லையென்றால் இதே வேலை மறுபடி வரும். சாதாரண மெழுகு வேண்டாம், கார்னாபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும், பிரேக் சூட்டில் வீலில் அது நிற்காது. செயற்கை சீலன்ட்டோ செராமிக் கோட்டிங்கோ போடுங்கள், வீல் சுத்தமாகவும் முழுக்கக் காய்ந்தும் இருக்க வேண்டும். போட்ட பிறகு தூசி படியத்தான் செய்யும், ஆனால் கவ்வாது. வாரம் ஒரு தடவை ஷாம்புத் தண்ணீரே போதும். அடுத்த முறை பேட் மாற்றும்போது செராமிக் பேட் உங்கள் வண்டிக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், பொதுவாகக் கருந்தூசி குறைவு.

டயருக்குப் பளபளப்பு போடுவதானால் பக்கச் சுவரில் மட்டும், மெல்லிசாக. தரையில் படும் பகுதியில் பட்டால் வழுக்கும். டிஸ்க்கில் பட்டுவிட்டால் இன்னும் ஆபத்து.

அப்புறம், கழுவி முடித்ததும் அப்படியே ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுவிடாதீர்கள். ஈர டிஸ்க் சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும், அது மேல் துருதான், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஆனால் ஈரத்தோடு ராத்திரி முழுக்க நின்றால் பேட் ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்னச் சுற்று ஓட்டி, மெதுவாக நாலைந்து தடவை பிரேக் பிடித்துக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

மழைச்சாலை:

மன்னிக்கவும், பத்து நாளாக எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிச் செய்தேன்.

முதலில் முன் இடது சக்கரம். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் புறங்கையைக் கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது, வலது பக்கம் வெதுவெதுப்பு, இடது பக்கம் அனல். மெக்கானிக் கழற்றிக் காட்டினார், காலிப்பரின் கீழ்ப் பின் காய்ந்து இறுகிப்போயிருந்தது, உள் பேட் வெளிப் பேடில் பாதி தடிமன்கூட இல்லை. பின்னைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போட்டு, இரண்டு பக்கமும் புதுப் பேட் மாற்றியாயிற்று. அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம், வண்டி லேசாக இடது பக்கம் இழுப்பதாக ஒரு வருடமாக அவருக்குத் தோன்றியது என்றும் சாலையின் சரிவு என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். கருவிப்பெட்டி, நீங்கள் அதை எழுதாமல் இருந்திருந்தால் நான் ஐந்தாவது தடவை ரிமூவர் தெளித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

மங்கிய ஸ்போக்குக்குக் காம்பவுண்ட் மூன்று சுற்று போட்டேன், உப்புத்தாள் தேவைப்படவில்லை. நேராக நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. குனிந்து பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு நகம் அளவுக்கு இன்னும் லேசான மங்கல் இருக்கிறது, ஓரம் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். உள்வளையத்தைக் கழுவும்போதுதான் அதுவும் வெள்ளி நிறம் என்றே தெரிந்தது, இத்தனை வருடம் கருப்பு பெயிண்ட் என்று நினைத்திருந்தோம். எடைக் கட்டிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சீலன்ட் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டேன்.

லேத்துக்காரன்:

ரொம்ப சந்தோஷம். அந்த ஓரத்தை விட்டுவைத்ததுதான் சரி. மாட்டிய பிறகு நட்டு மறுபடி பார்த்தீர்களா?

மழைச்சாலை:

நேற்று 60 கிலோமீட்டர் ஆனதும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். பின் வலது சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்து இறுகியது, மற்றதெல்லாம் இறுக்கம் சரி என்று உடனே கிளிக் என்றன. அந்த ஒன்றை மட்டும் அடுத்த வாரமும் பார்க்கிறேன்.